என் தம்பியின் முகத்தில் பதினோரு பேர்

என் தம்பிக்கு ஏற்கனவே மூன்று கல்யாணம் ஆகிவிட்டது என்று பதிவாளர் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். பெற்றவர்கள் போன பிறகு அவனை வளர்த்தவள் நான். அவனுக்கு ஒரே ஒரு கல்யாணம் செய்து வைக்க நாயாய்ப் பேயாய் அலைந்தவளும் நான்தான். எதிரே ஒரு பெண் வந்து நின்றால் சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டு தரையைப் பார்க்கிற பிள்ளை அவன். அவனாவது, மூன்று கல்யாணமாவது.

"சார், கண்ணாடியைத் தொடச்சுட்டு இன்னொரு தடவை பாருங்க," என்றேன்.

பதிவாளர் துடைக்கவில்லை. மேஜைமேல் புதிதாக வந்திருந்த முகம் பார்க்கும் இயந்திரத்தின் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். அதில் ஒரு சின்ன ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முகம் ஏறக்குறையப் பொருந்தினால் ஆரஞ்சு, அச்சாகப் பொருந்தினால் பச்சை என்று விளக்கம் வேறு சொன்னார்.

"நான் சொல்லலைம்மா, மெஷின் சொல்லுது. இந்த மூஞ்சிக்கு இதே ஆபீஸ்ல மூணு கல்யாணம் பதிவாகியிருக்கு. மூணும் நடப்புல இருக்கு. அதுக்கு மேல இந்த மூஞ்சியில பதினோரு குடியிருப்பு அட்டை வேற. ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு பேர்."

தம்பி சட்டைப் பட்டனைத் திருக ஆரம்பித்தான். பக்கத்தில் நின்ற கல்யாணப் பெண் அவன் கையை மெதுவாகப் பிடித்து இறக்கிவிட்டாள். அவள் பல் மருத்துவமனையில் உதவியாளர். தம்பி ஐந்து வருடம் உப்புத் தண்ணீர் கொப்பளித்தே ஓட்டிய கடைவாய்ப்பல்லைப் போன வருடம் பிடுங்கியபோது, அவன் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தவள். வாயைத் திறந்தபடி மல்லாந்து கிடந்ததால் அவனால் தரையைப் பார்க்க முடியவில்லை, இவளைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. அப்படித்தான் இந்தக் காதல் உண்டானது. கடவுளாகப் பார்த்துக் கொடுத்த சொத்தைப் பல் என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெண்ணின் அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். லாரிகளை எடை போடும் நிலையத்தில் காலமெல்லாம் வேலை பார்த்தவர், எதையும் நிறுத்துப் பார்க்காமல் நம்பமாட்டார்.

"அப்ப என் பொண்ணு நாலாவதா?" என்றார்.

"சார், என்னமோ தப்பு நடந்திருக்கு," என்றான் தம்பி. அவன் குரல் அவனுக்கே கேட்டிருக்காது.

பதிவாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "சாப்பாட்டு நேரம் முடியறதுக்குள்ள விளக்கம் கொண்டு வாங்க. இல்லேன்னா இது போலீஸுக்குப் போற கேஸ்."

"விளக்கம் வரலைன்னா இந்தக் கல்யாணமும் இல்லை," என்றார் பெண்ணின் அப்பா. "நான் பொண்ணைக் கூட்டிட்டுப் போய்க்கிட்டே இருப்பேன்."

நான் என் வீட்டுக்காரரைத் தேடினேன். அவர் அறை மூலையில் இருந்த தண்ணீர்க் கேன் பக்கத்தில் நின்று டம்ளர் டம்ளராகக் குடித்துக்கொண்டிருந்தார். மருந்து மாத்திரைக்குக்கூட இரண்டு மடக்குக்கு மேல் குடிக்காத மனிதர். எனக்கு அப்போதே சுரீர் என்றது. சட்டைக் காலரைப் பிடித்து வெளியே நடையில் இழுத்துக்கொண்டு போனேன்.

"ஏங்க."

"என்னம்மா."

"என் மூஞ்சியைப் பார்த்துப் பேசுங்க."

அவர் சுவரில் ஒட்டியிருந்த புகை பிடிக்காதீர் அறிவிப்பைப் பார்த்துப் பேசினார். "மச்சானுக்கு ரொம்ப ராசியான முகம்மா. அதான்..."

"எதான்?"

அதற்குப் பிறகு உண்மை வந்தது.

எங்களுக்குச் சொந்தமாக ஒரு போட்டோ ஸ்டுடியோ இருக்கிறது. அட்டைகளுக்கு ஒட்டுகிற சின்னப் படம்தான் பிழைப்பு. அவர் படம் எடுப்பார், நான் பவுடர் போட்டு, தலை வாரி, தாடையைத் தூக்கிவிடுவேன். இந்த வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்தே இருக்கும், வெளியே பேசமாட்டோம். சில பேர் வந்து நாற்காலியில் உட்காருவார்கள். நன்றாகத்தான் இருப்பார்கள், மரியாதையாகத்தான் பேசுவார்கள். படத்தைக் கழுவிப் பார்த்தால் நாற்காலி மட்டும் இருக்கும்.

பேய்களும் பூதங்களும்தான், வேறு யார்? ஊருக்குள் அவர்கள் காலங்காலமாக இருக்கிறார்கள். மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தால் சோறு யார் போடுவது? எல்லாரும் ஏதோ ஒரு வேலையில் இருக்கிறார்கள். பிறந்த தேதி கிடையாது, அப்பா பெயர் கிடையாது, ஒரு காகிதம் கிடையாது. எதுவுமே இல்லாதவர்களுக்கென்று அரசாங்கம் ஒரு குடியிருப்பு அட்டை கொடுக்கிறது. அதற்கு ஒரே ஒரு போட்டோ போதும், ஆனால் அந்த ஒன்றுதான் இவர்களுக்கு விழாது. அப்படி வந்தவர்களையெல்லாம் பக்குவமாகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன் என்று இந்த மனிதர் என்னிடம் சத்தியம் செய்திருந்தார்.

"முதல்ல வந்தது ஒரு பேய்ம்மா. பேங்க் வாட்ச்மேன். அட்டை இல்லாட்டி வேலையை விட்டுத் தூக்கிடுவாங்கன்னு அழுதாரு. அவரு அழுதா ரூமே ஜில்லுனு ஆயிடுது. எனக்கு மனசு கேக்கலை."

"அதனால?"

"அவங்க சொந்த முகம்தான் படத்துல விழாது. யாராவது கையால ஒரு முகம் கொடுத்தா அதைப் போட்டுக்குவாங்க. அது விழும்."

"என் தம்பி முகத்தைக் கொடுத்தீங்க."

"புது லைட்டைச் சோதிக்க மச்சானை உக்கார வெச்சு எடுத்தேனே, அந்தப் படம் மேஜைமேலயே கிடந்தது."

"உங்க மூஞ்சியைக் கொடுக்க வேண்டியதுதானே?"

"முதல்ல அதைத்தான் நீட்டினேன். வேண்டாம்னுட்டாரு."

பேய்க்குக்கூட வேண்டாத மூஞ்சியைக் கட்டிக்கொண்டு நான் குடும்பம் நடத்துகிறேன். இருக்கட்டும். ஒரு பேய்க்குக் கொடுத்தால் அது இன்னொன்றிடம் சொல்லாமல் இருக்குமா? கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, அடுத்து நிஜமாகவே ஒரு பூதம் வந்ததாம். பிறகு ஒரு முனி. பிறகு வெல்டிங் பட்டறையில் கருவியே இல்லாமல் வேலை பார்க்கிற ஒரு கொள்ளிவாய்ப் பிசாசு. இப்படியே பதினோரு பேர். தம்பி பாவம், வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் படிக்கிறவன். யார் யாரோ வழியில் மறித்து, "கன்னம் வத்திடுச்சா?" என்று கேட்கிறார்கள் அக்கா என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தான். வெயிலில் சுற்றாதே என்று மோர் கரைத்துக் கொடுத்தேன்.

"அந்த மூணு கல்யாணம் பண்ணின உத்தமர்கள் யாரோ, அவங்களைப் போய்க் கூட்டிட்டு வாங்க," என்றேன். "நாங்க வேற ஆளுங்க, முகம் மட்டும்தான் ஒண்ணுன்னு அவங்க வாயாலயே சொல்லட்டும். மூணு பேர் மட்டும். புரியுதா?"

"புரியுதும்மா."

"என் தம்பி கல்யாணம் நின்னுச்சு, அப்புறம் நீங்களும் ஆவியாத்தான் அலையணும்."

அவர் ஓடினார். உள்ளே போய்த் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெண்ணின் அப்பா எங்களுக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து, பெண்ணிடம் அவளுடைய அத்தை பார்த்து வைத்திருந்த வேறு ஒரு மாப்பிள்ளையைப் பற்றி எங்கள் காதுபடவே பேசினார். தம்பி அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கையை மடியில் வைத்துக்கொண்டு, ஆசைப்பட்டதே தப்பு என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தான்.

சாப்பாட்டு நேரம் முடியும் தறுவாயில் மாடிப்படியில் சத்தம் கேட்டது. மூன்று பேர் நடக்கிற சத்தமாக இல்லை. எட்டிப் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் முன்னால் வந்தார். பின்னால் என் தம்பி வந்தான். அவனுக்குப் பின்னால் என் தம்பி. அவனுக்கும் பின்னால் என் தம்பி. படி முழுக்க என் தம்பி.

பதினோரு பேரும் வந்திருந்தார்கள். எல்லாருக்கும் இடது கன்னம் பணியாரம்போல வீங்கியிருந்தது. அந்தப் பாழாய்ப்போன படம் எடுத்த அன்று தம்பிக்குப் பல்வலி. எல்லாரும் சிரிக்காமல், தாடையைக் கொஞ்சம் தூக்கி, நேராக எதிரே பார்த்துக்கொண்டு வந்தார்கள். அந்தத் தாடையைத் தூக்கிவிட்டது நான்தான். படம் மார்பு வரைக்கும்தான் என்பதால் எல்லாருக்கும் தம்பியின் நீலக் கட்டம் போட்ட சட்டைக் காலர் இருந்தது, அதற்குக் கீழே அவரவர் உடை. படத்தில் பின்மண்டை விழாது அல்லவா, அதனால் ஒருவரும் முதுகைக் காட்டாமல் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் நகர்ந்து வந்தார்கள்.

"மூணு பேர்னுதானே சொன்னேன்?"

"ஒருத்தர் காதுல போட்டேன்ம்மா, எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. அட்டையை ரத்து பண்ணிடுவாங்களோன்னு பதறிட்டாங்க."

"சரி, சொந்த முகத்தோட வந்து தொலைக்கக் கூடாதா?"

முதலில் நின்றவர் வாட்ச்மேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "கவர்மென்ட் ஆபீஸுக்கு அட்டையில இருக்கற மாதிரிதாங்க வரணும்," என்றார். பேசும்போது அவர் உதடு அசையவில்லை. குரல் எங்கோ சட்டைக்குள்ளிருந்து வந்தது.

தம்பி என் பின்னால் வந்து நின்றான். தன்னைத்தானே பதினோரு தடவை பார்த்தான்.

"ஏண்டா பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?" என்றேன்.

"நாங்க யாரையும் அறையறதில்லைங்க," என்றார் வாட்ச்மேன் மனத்தாங்கலாக.

கடைசியில் நின்றது ஒரு மோகினி. அழகு நிலையத்தில் வேலை. ரோஜா நிறச் சேலை, கை நிறைய வளையல், இடுப்புக்குக் கீழே தொங்கும் கூந்தல், நடுவில் என் தம்பியின் முகமும் மீசையும். எத்தனையோ தலைமுறை ஆண்களைச் சொக்க வைத்தவள். "ஒவ்வொரு தடவை சம்பளம் எடுக்கப் போகும்போதும் இந்த மீசையோட போய் வரிசையில நிக்கறேன்," என்று என் வீட்டுக்காரரை முறைத்தாள். அந்த ஒரு விஷயத்தில் நானும் அவளும் ஒரே கட்சி.

உள்ளே போனோம். பதிவாளர் அப்போதுதான் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். மூடி கையிலேயே நின்றுவிட்டது. பெண்ணின் அப்பா எழுந்து நின்று, உட்கார்ந்து, மறுபடி எழுந்தார்.

"யாரும்மா இவங்க?"

"இவங்கதான் சார் விளக்கம்," என்றார் என் வீட்டுக்காரர்.

பதிவாளர் ஒவ்வொருவராக இயந்திரத்தின் முன்னால் நிறுத்தினார். வாட்ச்மேனுக்குப் பச்சை. பீரோ தூக்கும் பூதத்துக்குப் பச்சை. பழச்சாறு கடையில் பீட்ரூட் பிழிகிற ரத்தக்காட்டேரிக்குப் பச்சை. மோகினிக்கு, மீசையும் வளையலுமாக, பளிச்சென்று பச்சை. கடைசியாக, வீக்கம் வடிந்த கன்னத்தோடு என் தம்பி போய் நின்றான். ஆரஞ்சு.

பதிவாளர் நாற்காலியில் சாய்ந்தார். "ஆக, இருக்கறதுலயே சந்தேகமான ஆள் இவர்தான்."

"என்ன சார் அநியாயம்!"

"பதினோரு பேருக்கு அச்சாப் பொருந்துது, இவருக்கு மட்டும் பொருந்தலையே? முகத்தை அவங்ககிட்டயிருந்து காப்பி அடிச்சது யாருன்னு நீங்களே சொல்லுங்க."

"சார், இது எங்கம்மா கொடுத்த முகம் சார்," என்றான் தம்பி.

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

பெண்ணின் அப்பா மகளின் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "கிளம்பு. மூணு கல்யாணம் பண்ணினவன்னாகூட ஆள் நிஜம்னு ஒரு நிம்மதி இருந்திருக்கும். இவன் ஆளே போலி."

அவள் கிளம்பவில்லை. நேராகப் பதிவாளர் மேஜைக்குப் போனாள். "சார், வெளியில பார்த்தா எனக்கும் தெரியாது. வாய்க்குள்ள பார்த்தா சொல்லிடுவேன். இவரோட கீழ்வரிசை இடது கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினப்ப தலையைப் பிடிச்சது நான். வேற யாருக்கும் அந்தப் பல் போகலைன்னா, இவங்க எல்லாரும் வேற வேற ஆள்னு ஒத்துக்குவீங்கதானே?"

பதிவாளர் யோசித்து, ஒத்துக்கொள்வதாகச் சொன்னார். அவள் கைப்பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்தாள். பல் மருத்துவமனைக்காரர்கள் அதைக் கல்யாணத்துக்குக்கூட எடுத்துக்கொண்டு வருவார்கள் போலிருக்கிறது. தம்பியை ஆ காட்டச் சொன்னாள். பல் இல்லாத இடத்தைப் பதிவாளர் குனிந்து பார்த்துத் தலையாட்டினார். அவள் அடுத்து வாட்ச்மேன் பக்கம் திரும்பினாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் படத்தில் தம்பி வாயை மூடியிருக்கிறான்.

வாட்ச்மேன் என்னைப் பார்த்தார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தண்ணீர்க் கேனைப் பார்த்தார். அதற்குள் அவள் வாட்ச்மேனின் தாடையில் விரல் வைத்துவிட்டாள். அவர் பழக்கமில்லாமல் வாயைத் திறந்தார். பக்கத்தில் நின்றதால் எனக்கும் தெரிந்தது. பல் இல்லை, நாக்கு இல்லை, அண்ணம் இல்லை. பாழுங்கிணற்றை எட்டிப் பார்த்த மாதிரி ஒரே இருட்டு. டார்ச் வெளிச்சம் உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

அவள் கை ஒரு கணம் நின்றது. கத்தப் போகிறாள், எல்லாம் முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"கொப்பளிக்க வேண்டாம்," என்றாள் அவரிடம், மருத்துவமனைக் குரலில். தாடையை மெதுவாக மூடிவிட்டாள். பிறகு பதிவாளரிடம், "ஒரு குறையும் இல்லை சார். சுத்தமா வெச்சிருக்காரு," என்றாள்.

கண்ணைத் திறந்து அவளையே பார்த்தேன். பூதத்தின் வாயைப் பார்த்தாள், சுத்தம் என்றாள். குட்டிச்சாத்தான் இரண்டு பேர், கூரியர் வேலை, ஒருவர் வாய்க்குள்ளிருந்து இன்னொருவர் எட்டிப் பார்த்ததை டார்ச்சால் தள்ளி உள்ளே அனுப்பிவிட்டாள். கொள்ளிவாய்ப் பிசாசு வாயைத் திறந்ததும் நெருப்பு குப்பென்று வந்து அவள் முன்முடி கொஞ்சம் பொசுங்கியது.

"நெஞ்செரிச்சல் ஜாஸ்தியா இருக்கு," என்றாள். "ராத்திரி லேட்டா சாப்பிடாதீங்க."

"சரிங்க டாக்டர்," என்றது பிசாசு, பயபக்தியாக.

பதிவாளருக்குத் தீய்ந்த வாடை வந்திருக்க வேண்டும். ஒரு தடவை மூக்கை உறிஞ்சி, தன் சாப்பாட்டு டப்பாவைச் சந்தேகத்தோடு பார்த்தார். அவ்வளவுதான். அரசாங்க வேலையில் இருப்பவர்கள் எதையும் முழுதாகப் பார்த்துவிடமாட்டார்கள், அது ஒரு வகையில் நல்லதுதான்.

"சரி, பன்னிரண்டும் வேற வேற ஆள்," என்றார். "இப்ப நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. இந்தத் தம்பிக்கு மட்டும்தான் பிறப்புப் பதிவு இருக்கு. மத்தவங்களுக்கு அப்பா யாரு, அம்மா யாரு, எங்க பிறந்தாங்க, ஒண்ணும் கிடையாது. ஆனா எல்லாருக்கும் ஒரே முகம். கூடப் பிறந்தவங்களா இருக்கணும், இல்லாட்டி மோசடிக் கும்பலா இருக்கணும்."

யாரும் வாயைத் திறக்கவில்லை. திறந்தாலும் ஒன்றும் இருக்காது.

பதிவாளர் என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கு ஒரு வழி சொல்றேன்ம்மா. இவங்க யாருன்னே எனக்குத் தெரியாது, எங்களுக்கும் இவங்களுக்கும் சம்பந்தமில்லைன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. உங்க தம்பி தனி. அஞ்சே நிமிஷத்துல கல்யாணத்தைப் பதிவு பண்ணிடறேன். இவங்களை நான் மேலிடத்துக்கு அனுப்பிடறேன், அவங்க பார்த்துக்குவாங்க."

"போட்டுடும்மா," என்றார் பெண்ணின் அப்பா. தோளிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டார். "நானும் இதோட விட்டுடறேன்."

பேனாவை வாங்கினேன். நான் ஏன் பொய் சொல்ல வேண்டும்? போடத்தான் நினைத்தேன். இத்தனை வருடம் காத்திருந்தது இந்த ஐந்து நிமிடத்துக்குத்தான். இவர்கள் எனக்கு என்ன மாமனா மச்சானா? இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தவர்களுக்கு நானா பொறுப்பு?

"அக்கா," என்றான் தம்பி. "வேணாம்கா."

திரும்பிப் பார்த்தேன். அவன் தரையைப் பார்க்கவில்லை. பட்டனைத் திருகவில்லை. சுவரோரமாக வரிசையாக நின்ற தன் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். கன்னம் வீங்கி, தாடையைத் தூக்கி, என்ன நடந்தாலும் அசையாமல் நின்றார்கள். வாட்ச்மேன் மட்டும் தொப்பியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அறை ஜில்லென்று ஆக ஆரம்பித்தது.

"போடுங்கம்மா," என்றார் அவர். "தம்பி கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும். எங்களைத் தெரியாதுன்னு சொல்றது எல்லாருக்கும் சுலபம்தான். எங்களுக்கும் பழகிப் போச்சு."

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ. யார்மேல் என்று இன்றுவரை தெரியவில்லை. பேனாவை மேஜைமேல் அடித்தேன், மூடி தெறித்து ஓடியது.

"யாரைப் பார்த்துடா அம்மாங்கறே?" என்று கத்தினேன். "அக்கான்னு கூப்பிட என்ன கேடு உனக்கு? நாலு பேர் முன்னால கூடப் பிறந்தவளை யாரோ மாதிரி அம்மா அம்மான்னு... தொப்பியைப் போடுடா! சளி பிடிக்கும்!"

வாட்ச்மேன் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

"பாருங்க சார்," என்றேன் பதிவாளரிடம். "எல்லாரும் என் தம்பிங்க. சின்ன வயசுலயே ஆளுக்கொரு பக்கம் போயிட்டாங்க. வளர்த்த பாசம் இல்லை, அதான் இப்படி."

"பன்னிரண்டு பேருமா?"

"ஏன், எண்ணத் தெரியாதா எனக்கு?"

"ஒரே முகமா இருக்காங்களே. ஒரே பிரசவமா?"

"எங்கம்மாவுக்கு எதையும் அரைகுறையாச் செய்யற பழக்கம் இல்லை சார்."

"அப்ப ஒருத்தருக்கு மட்டும் ஏன் பிறப்புப் பதிவு?"

"பன்னிரண்டைப் பெத்தவளுக்குப் பதிவு ஆபீஸ் வரிசையில நிக்கத் தெம்பு இருக்குமா? எங்கப்பா முதல் குழந்தை பிறந்ததும் ஓடி வந்து பதிஞ்சாரு. திரும்பிப் போய்ப் பார்த்தா இன்னும் பதினொண்ணு. அதிர்ச்சியில படுத்தவரு, எழுந்திருக்கவே இல்லை."

பதிவாளர் வரிசையைப் பார்த்தார். மோகினியிடம் வந்ததும் அவர் பேனா நின்றது. "இது?"

"இது தங்கச்சி சார். அப்பா ஜாடை."

மோகினி சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு நாணமாக நின்றாள். மீசை லேசாகத் துடித்தது.

பெண்ணின் அப்பா என்னிடம் வந்தார். உண்மை தெரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அவர் முகத்தில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"ஒரே வயித்துல பன்னிரண்டு," என்றார் மெதுவாக. "மொத்தம் என்ன எடை இருந்திருக்கும்?"

"எங்கம்மாவைப் படி ஏற விட்டதே இல்லை," என்றேன்.

"இருக்காதா பின்னே?" என்றார். அந்த மனிதர் கண்ணில் தண்ணீர் நின்றது. "என் பொண்ணு ஒத்தைப் பிள்ளை. நான் போயிட்டா அவளுக்கு ஆள் இல்லையேன்னு தூக்கம் வராது எனக்கு. இத்தனை கொழுந்தனாரா?"

"எல்லாரையும் பார்த்துக்கறேன்ப்பா," என்றாள் பெண். பொசுங்கிய முன்முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "பல் மட்டும் எல்லாருக்கும் கொஞ்சம் கவனிக்கணும் அண்ணி."

அவளுக்கு எல்லாம் தெரியும். என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. என் தம்பிக்கு இதைவிட நல்லவள் கிடைக்கமாட்டாள் என்று மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

பதிவாளர் பதினோரு பேருக்கும் மூத்த சகோதரி என்று என்னிடம் கையெழுத்து வாங்கினார். மூன்று கல்யாணமும் அவரவர் கணக்கில் போய்ச் சேர்ந்தது. பிறகு என் தம்பி தன் கல்யாணத்துக்குக் கையெழுத்துப் போட்டான். நிமிர்ந்து அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போட்டான். அறையில் இருந்த பன்னிரண்டு முகங்களில் அது ஒன்றுதான் சிரித்தது. அந்த முகத்துக்குச் சிரித்தால் இவ்வளவு அழகு என்று மற்ற பதினோரு பேரும் ஆச்சரியமாகப் பார்த்தார்கள்.

வெளியே வாசல் படியில் வந்து நின்றோம். பெண்ணின் அப்பா பூதத்தின் தோளில் கைபோட்டு, பீரோ தூக்கும்போது முதுகை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். மோகினி என் காதோரம் வந்து, "அக்கா, எனக்கு எப்ப மாப்பிள்ளை பார்க்கப் போறீங்க?" என்றாள். ஒரு தம்பிக்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டு ஓய்ந்து உட்காரலாம் என்று நினைத்தவள் நான். மூன்று பேருக்கு ஏற்கனவே ஆகிவிட்டது போக, இன்னும் எட்டு பாக்கி. என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மாடிப்படி ஏறித் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

வாட்ச்மேன் மட்டும் தள்ளியே நின்றார். ஏதோ கேட்க வருவதும், வேண்டாம் என்று நிற்பதுமாக இருந்தார்.

"என்னடா? சொல்லு."

"அக்கா," என்றார். அந்த வார்த்தையை முதல்முதலாகச் சொல்வதால் கொஞ்சம் திக்கியது. "நாங்க இனிமே ஒரு வீட்டுக்குப் போறதுன்னா... அதாவது உங்க வீட்டுக்கு... பகல்ல வரலாமா? கதவு வழியா?"

தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் அழுதேன்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட வாங்கடா," என்றேன். "கதவைத் தட்டாதீங்க, திறந்துதான் இருக்கும். அவங்கவங்க முகத்தோட வாங்க."